தோட்டத்து வீட்டுக்குத் துப்பாக்கி: யார் பெயரில், எந்தத் துப்பாக்கி?

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் எங்கள் தென்னந்தோப்பு. வீடு தோப்புக்குள் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்குக் கூப்பிட்டால் கேட்காது. அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 66. நான் பெங்களூருவில் வேலை செய்கிறேன். பல்லடம், சிவகிரி கொலைகளுக்குப் பிறகு எனக்குத் தூக்கமே இல்லை. என் பெயரில் லைசென்ஸ் எடுத்து, ஒரு ரிவால்வர் வாங்கி வீட்டில் வைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். எது நல்லது?

பதில்: 2024 நவம்பரில் பல்லடம் அருகே ஒரே குடும்பத்தில் மூன்று பேர், 2025-ல் சிவகிரி அருகே ஒரு வயதான தம்பதி. இரண்டும் தோட்டத்து வீடுகள். அதன் பிறகு எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் எந்தத் துப்பாக்கி என்பதை அப்புறம் பார்ப்போம். 'என் பெயரில்' என்கிறீர்களே, அதை முதலில் பேசிவிடலாம்.

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் துப்பாக்கியை வைத்திருக்க முடியும். வண்டியை மகன் பெயரில் வாங்கி அப்பா ஓட்டுவது போல இது இல்லை. நீங்கள் பெங்களூருக்குப் பஸ் ஏறிவிட்டால், பீரோவில் இருப்பது உங்கள் அப்பா லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கும் ஆயுதம். நல்ல எண்ணத்தில் செய்தது என்று சொல்லித் தப்ப முடியாது. உங்களுக்கும் லைசென்ஸ் போய்விடும்.

ஆகவே அப்பா பெயரில்தான் விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவச் சான்று கேட்பார்கள், ஆயுதத்தைக் கையாளும் பயிற்சிச் சான்றும் கேட்பார்கள். அதை அரசாங்கம் கேட்பதற்கு முன்னால் நீங்களே வீட்டில் கேட்டுவிடுங்கள். கண்புரை ஆபரேஷன் முடிந்ததா? கை நடுக்கம் உண்டா? ராத்திரி மாத்திரை போட்டுத் தூங்குகிறாரா? எல்லாவற்றையும் விட, எதிரில் நிற்கும் மனிதனைச் சுட அவர் மனம் வருமா? இதில் ஒன்றுக்கு விடை சரியில்லை என்றாலும் துப்பாக்கி வேண்டாம். தூக்கத் தயங்குகிற கையிலிருந்து வந்தவன் பிடுங்கிவிடுவான்.

எல்லாம் சரி, அப்பா தெம்பாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். என் பரிந்துரை ரிவால்வர் கிடையாது. ஊரில் 'டுவெல் போர்' என்று சொல்வார்களே, அந்த 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமாக 12 உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டை என்ன அகலமோ, அதுதான் குழலின் அகலம். பெயர் வந்த வழி அது.

இதற்குச் சட்டத்திலேயே ஒரு சாதகம் இருக்கிறது. குழலின் உட்பக்கம் மரையில்லாமல் வழவழப்பாக, குறைந்தது 20 அங்குல நீளத்தில் இருக்கும் துப்பாக்கியைப் பாதுகாப்புக்காகக் கேட்டால், தடை ஏதும் இல்லாத பட்சத்தில் லைசென்ஸ் தர வேண்டும் என்று 13-வது பிரிவு சொல்கிறது. ரிவால்வர், பிஸ்டல் என்றால் 'போதுமான காரணம் உண்டு' என்று அதிகாரி திருப்தி அடைய வேண்டும். இரண்டு விண்ணப்பமும் ஒரே மேஜைக்குப் போகும், ஆனால் அந்த மேஜையில் இரண்டுக்கும் ஒரே எடை இருக்காது.

அடுத்து, கை சமாச்சாரம். ரிவால்வரின் குழல் குட்டை. ஐந்து மீட்டர் தூரத்தில் குறி ஒரே ஒரு டிகிரி விலகினாலும் குண்டு கிட்டத்தட்ட ஒன்பது சென்டிமீட்டர் தள்ளிப் போகும். பயத்தில் கை நடுங்கும்போது ஒரு டிகிரி ஒரு பொருட்டே இல்லை. ரிவால்வரின் பின்னால் இருக்கும் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்காமல் நேராகச் சுட்டால் விசைக்கு விரலில் நல்ல பலம் வேண்டும். வயதானவர்கள் அழுத்தும்போது துப்பாக்கி முழுவதுமே கீழே சாய்வதைப் பயிற்சியில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நீளத் துப்பாக்கி தோளில் ஊன்றி நிற்கும், இரண்டு கையும் பிடிக்கும்.

இரட்டைக்குழலில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. மேலே இருக்கும் நெம்பை வலப்பக்கம் தள்ளினால் துப்பாக்கி இடுப்பை ஒடித்துக்கொண்டு திறக்கும். இரண்டு ஓட்டைகள் தெரியும். தோட்டா இருந்தால் பித்தளை அடிப்பாகம் மின்னும், இல்லாவிட்டால் குழல் வழியாக வெளிச்சம் தெரியும். கண் தெரியாத இருட்டில் கட்டை விரலை விட்டுத் தடவியே சொல்லிவிடலாம். 'உள்ளே குண்டு இருக்கிறதென்று தெரியாது' என்று யாரும் சொல்ல வழியில்லாத துப்பாக்கி இது.

குழலுக்கு அடியில் இருக்கும் பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கியை நம் திருச்சி தொழிற்சாலையிலேயே செய்திருக்கிறார்கள், நல்ல துப்பாக்கி. ஆனால் பதற்றத்தில் பாதி இழுத்துப் பாதியில் விட்டால் தோட்டா சிக்கிக்கொள்ளும். தினமும் பழகுகிற இளைஞனுக்கு ஒத்துவரும், உங்கள் அப்பாவுக்கு வேண்டாம். வெளிநாட்டுத் துப்பாக்கி ஆசையும் வேண்டாம். 9 மி.மீ. பிஸ்டல் தடை செய்யப்பட்ட ரகம், கேட்டும் பயனில்லை. ஏர் கன்னுக்கு, 0.177 அளவு வரை, சக்தி 20 ஜூல் (joule) அளவைத் தாண்டாதவரை லைசென்ஸ் தேவையில்லைதான். அதைக் காட்டித் திருடனை மிரட்டலாம் என்று நினைப்பவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், செய்யாதீர்கள். வந்தவன் கையில் கடப்பாரை இருக்கும்.

டுவெல் போர் பற்றி ஒரு மூடநம்பிக்கை உண்டு: குறி பார்க்கவே வேண்டாம், தோட்டாவுக்குள் இருக்கும் ரவை என்ற சிறு குண்டுகள் பரவி எல்லாவற்றையும் அடித்துவிடும் என்று. வீட்டுக்குள் அது நடக்காது. தோராயமாக மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர்தான் விரியும். உங்கள் ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓர் உள்ளங்கை அகலம். குறி பார்த்தே ஆகவேண்டும். தப்பினால் மரக்கதவு, ஆஸ்பெஸ்டாஸ் தடுப்பு எல்லாவற்றையும் தாண்டிப் போகும். அந்தப் பக்கம் அம்மா படுத்திருக்கும் அறை எது என்று பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி உண்மையான சங்கடம். துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும், தோட்டா தனியாக இன்னொரு பூட்டில் இருக்க வேண்டும், பேரன் பேத்தி லீவுக்கு வருகிற வீட்டில் இதில் சமரசமே கிடையாது. பத்திரமாக வைக்காவிட்டால் லைசென்ஸ் நிபந்தனையை மீறியதாகவும் ஆகும். ஆனால் பூட்டைத் திறந்து தயாராக எவ்வளவு நேரம் பிடிக்கும்? என்னிடம் பழகிய ஒரு பெரியவரை அவர் வீட்டிலேயே விளக்கை அணைத்துச் சோதித்தேன். தலையணை அடியில் சாவி, பீரோ, உறையின் ஜிப், அலமாரியில் தோட்டா டப்பா. ஒரு தோட்டா கை தவறிக் கட்டிலுக்கு அடியில் உருண்டு போய்விட்டது. இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. அவர் அதற்கு முன் நூறு தடவையாவது சுட்டவர்.

அந்த இரண்டு நிமிடத்தை உங்கள் வீட்டுக்கு யார் கொடுப்பார்கள்? கதவுதான் கொடுக்க வேண்டும். நம் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு பழக்கம் உண்டு. நாய் குரைத்தால், பட்டியில் ஆடு கத்தினால், டார்ச்சை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து களத்துக்கு இறங்கிவிடுவார்கள். நரியோ பாம்போ என்று நினைப்பு. இதை நிறுத்தச் சொல்லுங்கள். வெளியே நான்கு மூலையிலும் விளக்கு, அதற்கு சுவிட்ச் படுக்கைக்குப் பக்கத்தில். திண்ணைக்குக் கம்பிக் கதவு. படுக்கையறைக்கு உள்தாழ்ப்பாள் கனமாக ஒன்று. கேமராவை உங்கள் போனில் பார்க்கிற மாதிரி போடுங்கள். பக்கத்துத் தோட்டத்துக்குக் கேட்கிற மாதிரி ஒரு சைரன். 112 எண்ணும் காவல் உதவி செயலியும் அம்மா போனிலும் இருக்கட்டும். நகையையும் தேங்காய் விற்ற பணத்தையும் பேங்கில் வையுங்கள், அது ஊருக்குத் தெரியும்படியும் பேசுங்கள். இவ்வளவும் செய்த வீட்டில்தான் துப்பாக்கிக்கு வேலை வரும். அதுவும் அறைக்குள் தாழிட்டுக்கொண்டு, கதவை நோக்கிப் பிடித்திருக்கும் வேலை.

சுட்டால் என்ன ஆகும் என்பதையும் அப்பாவுக்குச் சொல்லிவிடுங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 41-வது பிரிவு, சூரியன் மறைந்து உதிக்கும் வரை வீட்டை உடைத்து நுழைபவனுக்கு எதிராக உயிர் போகும் அளவுக்குக்கூடத் தற்காப்பு உரிமை தருகிறது. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்ற கட்டும் அதோடு சேர்ந்தே வருகிறது. ஆட்டைத் தூக்கிக்கொண்டு சுவர் ஏறி ஓடுகிறவன் முதுகில் சுட்டால் அது தற்காப்பு ஆகாது, கொலை வழக்கு. காட்டுப்பன்றி வருகிறதே என்று இதே துப்பாக்கியைத் தூக்கினால் வனத்துறை வழக்கு தனி.

கடைக்காரர் சொல்லாத விஷயம் ஒன்று: தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். முடிவு வந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். அந்த நாட்களில் உங்கள் வீட்டைக் காப்பது தாழ்ப்பாளும் நாயும்தான்.

விண்ணப்பம் மாவட்டங்களில் கலெக்டரிடம், கமிஷனர் உள்ள மாநகரங்களில் கமிஷனரிடம். உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து அறிக்கை போகும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். காரணம் என்ற இடத்தில் 'பாதுகாப்புக்காக' என்று ஒரு வரியில் முடிக்காமல், வீடு தனித்திருப்பது, அடுத்த வீடு எத்தனை மீட்டர், ஸ்டேஷன் எத்தனை கிலோமீட்டர், இதற்கு முன் திருட்டுப் புகார் கொடுத்திருந்தால் அதன் நகல், எல்லாம் வையுங்கள். கிடைத்தால் லைசென்ஸ் ஐந்து வருடத்துக்கு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி மேல்முறையீடு செய்யலாம். இதையெல்லாம் தொடங்குவதற்கு முன், அடுத்த முறை ஊருக்கு வரும்போது அப்பாவை ஏதாவது ரைபிள் கிளப்புக்கு அழைத்துப் போய், ஒரு காலி டுவெல் போரைத் தோளில் வைத்து ஒரு நிமிடம் அசையாமல் நிற்கச் சொல்லிப் பாருங்கள். கிட்டத்தட்ட மூன்று கிலோ எடை. குழலின் முனையைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.