வெஸ்ட்வில்லில் சேர்க்கலாமா? – கடிதம்

அன்புள்ள அண்ணா,

என் மகளுக்கு வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. "வருஷா வருஷம் பிப்ரவரியில் கலாட்டா. தனியார் கல்லூரியில் போடு" என்கிறார் என் கணவர். ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசம் என்று அறிவித்த பிறகும் ஏன் மாணவர்கள் தெருவில் நிற்கிறார்கள்? நீங்கள் அங்கே படித்தவர், சொல்லுங்கள்.

எஸ்., சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள எஸ்.,

சேர்த்துவிடுங்கள். தனியார் கல்லூரிக்கு அரசின் மாணவர் உதவி ஒரு ராண்ட் கூடக் கிடையாது.

ஆனால் உங்கள் கணவரின் பயம் பொய்யில்லை. பிள்ளைகள் பெருகிய அளவுக்குப் பல்கலைக்கழகங்களுக்கு அரசு மானியம் பெருகவில்லை. அந்தப் பள்ளத்தைக் கட்டணத்தை ஏற்றித்தான் நிரப்பினார்கள். 2015இல் மாணவர்கள் வெடித்தார்கள். மறுவருட உயர்வை அரசு கைவிட்டது. 2016இல் அதே பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகத்துச் சட்ட நூலகம் எரிந்தது (கட்டணம் எவ்வளவு ஏறினாலும் புத்தகத்தில் நெருப்பு வைப்பவனை என்னால் மன்னிக்க முடியாது). 2017 டிசம்பரில், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் செலவை அரசே ஏற்கும் என்றார் அப்போதைய அதிபர் ஜேக்கப் சூமா.

முள் அந்த வருமானக் கோட்டில்தான். ஒரு நர்ஸ், ஒரு போலீஸ்காரர், இரண்டு சம்பளமும் சேர்ந்தால் தாண்டிவிடும். உதவியும் இல்லை, கையில் காசும் இல்லை. கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கோ பணம் நேரத்துக்கு வருவதில்லை. அதுவரை விடுதிக்காரர் பொறுப்பாரா? உதவித்தொகை வாரியத்தையே 2024இல் உயர்கல்வி அமைச்சர் கலைத்தார் என்றால் லட்சணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் பக்கத்து வீட்டுப் பெண் படிப்பை முடித்துவிட்டாள். பாக்கி இருப்பதால் பட்டச் சான்றிதழைத் தரவில்லை. எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். 'படிப்பை முடித்தார்' என்று ஒரே ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். நேர்காணலுக்கு நேர்காணல் தூக்கிக்கொண்டு போனதில் மடிப்பு கிழிந்து, செல்லோடேப் ஒட்டி வைத்திருக்கிறாள். இப்போது சூப்பர்மார்க்கெட் கல்லாவில் இருக்கிறாள். பட்டம் கைக்கு வந்தால் காவடி எடுப்பதாக ஆயா வேண்டிக்கொண்டிருக்கிறார். பாக்கிக் கணக்கை முருகன் எப்படித் தீர்ப்பானோ.

இருந்தும் ஏன் அங்கே சேர்க்கச் சொல்கிறேன்? 1961இல் இனவாத அரசு, இந்தியர்கள் வேறெங்கும் போகாதிருக்கத் தொடங்கிய கல்லூரி அது. துறைமுகத்துக்குள் சாலிஸ்பரி தீவு, பழைய கடற்படைக் கட்டடங்கள், படகேறிப் போக வேண்டும். அவமானம் என்று புறக்கணித்தவர்கள் உண்டு. போனவர்கள் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் வெஸ்ட்வில் மேட்டுக்கு ஏறியது. 2004இல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து குவாசூலு-நேட்டால் ஆனது. அங்கே தமிழும் பாடமாக இருந்தது, இணைப்புக்கு முன்பே போய்விட்டது. அதற்கு அரசை மட்டும் நான் திட்டமாட்டேன். தமிழ் படிக்க நம் வீட்டிலிருந்து யாரை அனுப்பினோம்?

சேரும் நாளில் வருமானச் சான்று, ரசீது எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசை நீளம். டர்பன் பிப்ரவரி வெயில் தெரியுமே, குடையும் கொண்டுபோங்கள்.