ஓடுகிறவனைப் பார்க்காதீர்கள், ஆளை எண்ணுங்கள்: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் கேள்வி பதில்

கேள்வி: நல்ல வேகமான ரன்னிங் பேக் (பந்தை வாங்கிக்கொண்டு ஓடுபவர்) ஒருத்தர் இருந்தால் போதாதா?

பதில்: போதாது. பந்து கைமாறும் முன் நடுவில் நெருங்கி நிற்பவர்களை எண்ணுங்கள். எதிரணியில் ஏழு பேர், தடுக்க நம்மிடம் ஆறு பேர் என்றால் ஒருவன் மிச்சம். ஓடுகிறவன் எவ்வளவு பெரிய சூரனானாலும் அந்த மிச்ச ஆள் வந்து மடக்குவான். அவனை என்ன செய்வது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

கல்லூரி அணிகள் கண்ட வழி, எதிரணியில் ஓரத்தில் நிற்கும் ஒருவனைத் தடுக்காமலே விடுவது. குவார்ட்டர்பேக் (பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்துபவன்) பந்தை ரன்னிங் பேக்கின் வயிற்றருகே நீட்டியபடி, கண்ணைத் தடுக்காமல் விட்ட அந்த ஆள்மேலேயே வைத்திருப்பான். அவன் ரன்னிங் பேக்கை நோக்கிப் பாய்ந்தால் பந்தை உருவிக்கொண்டு, அவன் காலி செய்த இடத்தில் குவார்ட்டர்பேக்கே ஓடுவான். நகராமல் நின்றால் பந்தைக் கொடுத்துவிடுவான். யாரும் தொடாமலே ஓர் ஆள் கழிந்தான்.

கேள்வி: தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் ஏன் இது குறைவு?

பதில்: குவார்ட்டர்பேக்குக்குக் கொட்டும் பணம் ஒரு காரணம், அடிபட விடமாட்டார்கள். இன்னொன்று மைதானக் கோடு. ஒவ்வொரு ஆட்டமும் தொடங்கும்போது பந்தை ஹாஷ் எனப்படும் இரண்டு கோடுகளின் மேலோ நடுவிலோதான் வைப்பார்கள். கல்லூரியில் அந்த இரண்டு ஹாஷ் கோடுகளுக்கும் இடையே 40 அடி, அங்கே பதினெட்டரை அடிதான். 160 அடி அகல மைதானத்தில், கல்லூரிப் பந்து இடது ஹாஷில் இருந்தால் வலப்பக்கம் 100 அடி திறந்து கிடக்கும்.

கேள்வி: ரக்பிதானே இது?

பதில்: இல்லை. அடுத்தவர்.

கேள்வி: எங்கள் அணியின் ஓட்ட சராசரி ரொம்ப மோசம். ரன்னிங் பேக்கை மாற்றலாமா?

பதில்: முதலில் சாக் (பந்தை வீசும் முன்பே குவார்ட்டர்பேக்கைப் பின்னால் மடக்கிவிடுவது) எத்தனை என்று பாருங்கள். கல்லூரிக் கணக்கில் சாக்கில் போன யார்டு ஓட்டத்தில்தான் கழியும். என்எஃப்எல்லில் பாஸ் கணக்கில். சாக்கை ஒதுக்கிவிட்டுப் பார்க்காமல் யாரும் ரன்னிங் பேக்கைத் திட்டாதீர்கள்.

கேள்வி: எண்ணிக்கை எண்ணிக்கை என்கிறீர்களே, 1995 நெப்ராஸ்கா கல்லூரி அணியின் குவார்ட்டர்பேக் டாமி ஃப்ரேசியர், சீசன் கடைசியில் நடந்த ஃபியெஸ்டா போல் ஆட்டத்தில் ஆள்மாற்றி ஆள் பிடித்தும் உதறிவிட்டு 75 யார்டு ஓடினாரே, அது எந்தக் கணக்கு?

பதில்: மாட்டிவிட்டீர்கள். அந்த ஓட்டம் கணக்கில் அடங்காது. ஆனால் அந்த அணி சீசன் முழுக்க ஆட்டத்துக்கு ஏறக்குறைய 400 யார்டு ஓடியது. அத்தனையும் உதறியா வந்தது? வழியைத் திறந்தது முன்வரிசை.

கேள்வி: அப்படியானால் 1988 சீசனில் 2,628 யார்டு ஓடிய ரன்னிங் பேக் பாரி சாண்டர்ஸ்?

பதில்: சாண்டர்ஸ் தலைமுறைக்கு ஒருவர். அவரை வைத்துப் பாடம் நடத்த முடியாது. 2023 மிச்சிகன் கல்லூரி அணியைப் பாருங்கள். பென் ஸ்டேட்டுக்கு எதிராக, அதிகாரபூர்வக் கணக்கில் தொடர்ந்து 32 முறை ஓட்டம்தான். வருவது ஓட்டம் என்று அரங்கத்துக்கே தெரியும். 24-15, மிச்சிகன் வெற்றி. அதையும் ஒருத்தரா செய்தார்?

கேள்வி: நல்ல ரன்னிங் பேக்தானே முக்கியம்?

பதில்: முதல் பதில்.

கேள்வி: எங்கள் அணியின் ஓட்ட சராசரி 2 யார்டுதான்...

பதில்: சாக்! சாக்கை ஒதுக்கினீர்களா?

கேள்வி: டிவியில் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

பதில்: கார்டை. பந்தைப் பின்னால் குவார்ட்டர்பேக்கிடம் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குபவருக்கு இருபுறமும் நிற்கும் தடியர்கள். அவர்களில் ஒருவர் ஓரடி பின்வாங்கிப் பக்கவாட்டில் ஓடினால் பந்து பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். ரன்னிங் பேக் சில சமயம் முதல் அடியை எதிர்ப்பக்கம் வைப்பான், ஏமாறாதீர்கள்.