பீரோவில் இருக்கும் பொன்னாடை – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஏழு வருடம் ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக இருந்தேன். 2021 மே மாதம் ஒரு அம்மாவை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் வரிசையாக வண்டிகள். பெட் இல்லை, காத்திருங்கள் என்றார்கள். மூன்று மணி நேரம் ஆயிற்று. சிலிண்டரில் முள் இறங்கிக்கொண்டே வந்தது. ஒரேயடியாகத் தீர்ந்துவிடக் கூடாதே என்று ஆக்சிஜனைக் குறைத்து வைத்தேன். கூட வந்த மகளிடம் அதைச் சொல்லவில்லை. "இன்னும் பத்து நிமிஷம்மா, பெட் கிடைச்சிடும்" என்று நாலைந்து முறை சொன்னேன். கிடைக்காது என்று எனக்குத் தெரியும். அந்த அம்மா வண்டியிலேயே போய்விட்டார். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு "நீங்க எவ்வளவோ பாத்தீங்கண்ணா" என்று அழுதாள்.

அந்த வருடமே எங்கள் தெருவில் முன்களப் பணியாளர் என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பீரோவில் வைத்ததோடு சரி. அப்புறம் வேலையை விட்டேன். டாக்டர் பி.டி.எஸ்.டி. (பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநோய்) என்று மாத்திரை கொடுத்தார், தூக்கம் வருகிறது. ஆனால் சைரன் கேட்டால் எனக்குப் பயமாக இல்லை, வெட்கமாக இருக்கிறது. எல்லோரும் "உன் மேல என்ன தப்பு" என்கிறார்கள். அந்த மகளைத் தேடிப் போய் உண்மையைச் சொல்லிவிடலாமா?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

பதிலாக நான் முதலில் எழுதிய வரியும் "உங்கள் மேல் தப்பில்லை" என்பதுதான். அழித்துவிட்டேன். அதைச் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும். சொல்கிறவர்களுக்கு அது வசதி.

பயமில்லை, வெட்கம் என்று பிரித்து எழுதியிருக்கிறீர்கள். மருத்துவர்களுக்கே அந்த வித்தியாசம் பிடிபடக் கொஞ்சம் நாளானது. பி.டி.எஸ்.டி. என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் 1980-ல் ஏறியது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் பட்ட பாடு அதற்கு ஒரு முக்கியக் காரணம். உயிர்பயம் உடம்பைவிட்டு இறங்காமல் இருப்பதுதான் நோய் என்று பெரும்பாலும் புரிந்துகொண்டார்கள். பாஸ்டனில் அந்த வீரர்களுக்கு வைத்தியம் பார்த்த ஜொனாதன் ஷே காதில் விழுந்ததோ வேறு. குண்டுக்குத் தப்பியதை விட, நம்பியிருந்த மேலதிகாரி செய்யக் கூடாததைச் செய்ததுதான் அவர்களை அரித்துக்கொண்டிருந்தது. தொண்ணூறுகளில் அவர் இதற்கு 'மாரல் இன்ஜுரி' என்று பேர் வைத்தார். நான் அறக்காயம் என்று சொல்லிக்கொள்கிறேன், கொஞ்சம் புத்தகத் தமிழாக இருந்தாலும். 2009-ல் பிரெட் லிட்ஸ் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் இதை இன்னும் விரித்தார்கள். மனசாட்சிக்கு விரோதமாக நாமே செய்தது, தடுக்க முடியாமல் போனது, பார்த்துக்கொண்டு நின்றது எல்லாமே இந்தக் காயத்தை உண்டாக்கும் என்றார்கள். கொரோனா வந்தபோது நர்சுகளையும் ஆம்புலன்ஸ்காரர்களையும் பற்றிப் பேச இதே சொல் போதுமானதாக இருந்தது.

உங்கள் கடிதத்தில் இரண்டும் கலந்து கிடக்கிறது. ஆக்சிஜனைக் குறைத்ததும் பொய் சொன்னதும் நீங்கள். பெட் இல்லாமல் போனதும், வண்டியை வாசலில் நிறுத்தி வைத்ததும் நீங்கள் இல்லை. சிகிச்சையில் இதற்கு ஒரு பயிற்சி உண்டு. தோசை மாதிரி ஒரு வட்டம் போட்டு, நடந்ததில் யார் யாருக்குப் பங்கு உண்டோ எல்லோருக்கும் ஒரு துண்டு ஒதுக்க வேண்டும். உங்கள் துண்டைக் கடைசியில்தான் போட வேண்டும். அது ஒன்றுமே இல்லாமல் போகாது, போகவும் கூடாது. முழுத் தோசையும் உங்களுடையதில்லை என்று கண்ணால் பார்க்கத்தான் இந்த வேலை.

குறைத்தது சரியா தவறா என்று சொல்ல எனக்குப் படிப்பில்லை. குறைக்காமல் இருந்தால் பிழைத்திருப்பாரா என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்தத் தெரியாமைதான் உங்களைத் தின்கிறது என்று நினைக்கிறேன். 1066-ல் இங்கிலாந்தில் நடந்த ஹேஸ்டிங்ஸ் போரில் ஜெயித்த நார்மன் வீரர்களுக்கு அவர்கள் திருச்சபையே பிராயச்சித்தம் விதித்தது. கொன்ற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வருடம். வில்லாளிகளுக்குத் தனிக் கணக்கு. தன் அம்பு யாரைத் தைத்தது என்று அவனுக்குத் தெரியாதே! அவர்களுக்கு மூன்று தவக்காலம், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு மூன்று தடவை. ஜெயித்தவனிடம் போய் நோன்பு இரு என்று சொன்ன அந்த ஊரை நான் கொஞ்சம் பொறாமையோடுதான் பார்க்கிறேன். அந்த நோன்புக்கு ஒரு முடிவும் இருந்தது. உங்களுக்கு யாரும் நாள் குறித்துக் கொடுக்கவில்லை. பொன்னாடைதான் கொடுத்தோம்.

பிலடெல்பியாவில் முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனை ஒன்றில் கிறிஸ் அண்டல் என்ற பாதிரியாரும் பீட்டர் யோமன்ஸ் என்ற உளவியலாளரும் சேர்ந்து ஒரு குழு நடத்தினார்கள். அண்டல் ஆப்கானிஸ்தானில் ராணுவத்தோடு இருந்தவர். பன்னிரண்டு வாரம் தங்களுக்குள் பேசிவிட்டு, கடைசியில் ஊர் மக்கள் முன்னால் அந்த வீரர்கள் நடந்ததைச் சொல்வார்கள். கேட்டவர்கள் எழுந்து வந்து அவர்களைச் சுற்றி நின்று, உங்களை அங்கே அனுப்பியது நாங்கள், நீங்கள் செய்ததிலும் செய்யாமல் விட்டதிலும் எங்களுக்கும் பங்குண்டு என்று சொல்வார்கள். அந்த ஊரிலும் ராணுவத்துக்காரனைப் பார்த்தால் உங்கள் சேவைக்கு நன்றி என்று ஒரு வரி சொல்லி நகர்ந்துவிடுவதுதான் வழக்கம். நம்மூர்ப் பொன்னாடைக்கு அண்ணன் முறை.

மகளிடம் போவது பற்றி. இப்போது போகாதீர்கள் என்பேன். அவர் அன்று உங்கள் கையைப் பிடித்த நினைவை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடம் ஓட்டியிருக்கலாம். உங்கள் பாரத்தை இறக்கிவைக்கும் இடம் அதுவல்ல. ஆனால் அவராகவே என்றாவது கேட்டால் பொய் சொல்லாதீர்கள். முதலில் இதே வேலை பார்த்தவர் ஒருவரிடம் முழுசாகச் சொல்லுங்கள். அன்று வண்டி ஓட்டிய பைலட் இப்போது எங்கே இருக்கிறார்? அவரும் எல்லாவற்றையும் பார்த்தவர்தானே. அவரிடம் யாராவது கேட்டிருப்பார்களா? மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். டாக்டரிடம் அந்த வெட்கம் என்ற வார்த்தையை அப்படியே சொல்லுங்கள். ராத்திரி தாங்க முடியாமல் போனால் 14416, அரசின் டெலி மனாஸ், தமிழிலும் பேசலாம்.

அந்த மே மாதம் நான் வீட்டில் இருந்தேன். மெயின் ரோட்டில் விடாமல் சைரன். எழுத முடியவில்லை என்று எரிச்சல்பட்டு ஜன்னலைச் சாத்தினேன். அதில் ஒன்று உங்கள் வண்டியாக இருந்திருக்கலாம். வட்டம் போடும்போது எனக்கும் ஒரு துண்டு போடுங்கள்.

அந்த அம்மாவைப் பற்றி உங்களுக்கு வேறு என்னவெல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று எழுதுங்கள். பிரசுரிக்க மாட்டேன்.