கார் முழுக்க ஷீட் ஒட்டுவதற்கு முன்னால் கதவைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: என்னுடையது ஹேட்ச்பேக் கார். கம்பெனியில் வந்த ஸ்டீரியோவும் நான்கு ஸ்பீக்கர்களும்தான் இருக்கின்றன. பேஸ் போதவில்லை, சத்தத்தைக் கூட்டினால் முன்கதவு கடகடவென்று அதிர்கிறது. ஆடியோ கடையில் கேட்டால், '1,200 வாட்ஸ்' 12 அங்குல சப்வூஃபர் (பேஸுக்கு மட்டுமான ஸ்பீக்கர்) பெட்டி, ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), கபாசிட்டர், அதோடு தரை, கூரை, கதவுகள், டிக்கி என்று கார் முழுக்க அதிர்வைக் குறைக்கும் டேம்பிங் ஷீட் என ஒரு பட்டியல் தருகிறார்கள். ஷீட் ஒட்டினால் ரோடு சத்தமும் போய்விடுமாம். இதெல்லாம் தேவைதானா? எதை முதலில் செய்வது?

பதில்: முதலில் முன்கதவுகள் இரண்டு. அப்புறம் ஒரு சுமாரான சப்வூஃபர், அதற்கு ஒழுங்கான வயர். உங்கள் பட்டியலில் மீதி இருப்பதில் பெரும்பகுதி கடைக்குத்தான் தேவை, காருக்கு இல்லை.

கதவு அதிர்வதற்கும் வாட்ஸுக்கும் சம்பந்தமில்லை. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் எவ்வளவு காற்றைத் தள்ளுகிறதோ அவ்வளவு காற்றைப் பின்னாலும் தள்ளும். அந்தப் பின்பக்க அலை கதவின் உட்தகட்டில் உள்ள பெரிய ஓட்டைகள் வழியாகச் சுற்றி வந்து முன்பக்க அலையோடு மோதி அதை அழிக்கிறது. தாழ்ந்த ஓசைகளில்தான் இது அதிகம். அதனால் பேஸின் ஒரு பங்கு உங்கள் காதுக்கு வருவதற்கு முன்பே காணாமல் போகிறது. இன்னொரு பங்கு மெல்லிய வெளித்தகட்டை ஆட்டுகிறது. இந்த நிலையில் டிக்கியில் ஒரு சப்வூஃபரை வைத்தால், கதவோடு சேர்ந்து நம்பர் பிளேட்டும் ஆடும், அவ்வளவுதான்.

கதவின் உள்பக்கப் பலகையைக் கழற்றியதும் அதிர்வது எது என்று தேடுங்கள். 30 ஹெர்ட்ஸிலிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒரு டெஸ்ட் டோனை ஓடவிட்டு, கையால் ஒவ்வொரு இடமாக அழுத்தினால் தெரிந்துவிடும். பல நேரம் குற்றவாளி தகடே இல்லை. தளர்ந்த கிளிப், பூட்டுக் கம்பி, தகட்டில் தட்டும் வயர் கனெக்டர் என்று ஏதாவது ஒன்றாக இருக்கும். சின்ன ஃபோம் துண்டோ துணி டேப்போ வைத்தால் தீர்ந்துபோகிற விஷயம். இதைத் தேடாமலே ஷீட் ஒட்டக் கிளம்புகிற ஃபிட்டரிடம் காரை விடாதீர்கள்.

தகடுதான் அதிர்கிறது என்றால், ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் உள்ள வெளித்தகட்டின் உள்பக்கத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, பியூட்டைல் ரப்பர் ஷீட்டை ரோலரால் அழுத்தி ஒட்ட வேண்டும். மேலே அலுமினியப் படலம் உள்ள வகையாக இருக்கட்டும். தகடு அதிரும்போது, அதற்கும் அந்தப் படலத்துக்கும் நடுவில் மாட்டிய ரப்பர் இழுபட்டு, அதிர்வைச் சூடாக மாற்றிவிடுகிறது. இதற்குத் தகட்டின் பரப்பில் கால்வாசி முதல் பாதிவரை ஒட்டினாலே போதும். விரலால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்பது 'டப்' ஆகிவிட்டால் வேலை முடிந்தது. அதற்கு மேல் ஒட்டும் ஒவ்வொரு ஷீட்டும் எடை, அப்புறம் பில். ஷீட் எண்ணிக்கைக்குக் காசு வாங்குகிறவர் 'பாதி போதும்' என்று சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்து உட்தகட்டு ஓட்டைகள். சின்னவற்றை ஷீட்டாலேயே மூடலாம். பெரியவற்றுக்கு மெல்லிய அலுமினியத் தகடு வெட்டி, திருகாணியில் கழற்றி மாட்டும்படி வைத்து மூட வேண்டும். நாளைக்குக் கண்ணாடி மோட்டார் பழுதானால் மெக்கானிக்குக் கை உள்ளே போக வேண்டுமே. கதவின் அடியில் உள்ள தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் தொடவே கூடாது. அவை அடைந்தால் கதவு உள்ளேயிருந்து துருப்பிடிக்கும், அது தெரிய வருவதற்குள் ஷீட் ஒட்டியவர் கடையையே மாற்றியிருப்பார்.

ஓட்டையை மூடுங்கள் என்று சொன்னதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. இதைக் கடைகளில் யாரும் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேக்குக்கான சென்சார் முன்கதவுக்குள்ளேயே இருக்கும். பக்கவாட்டில் இன்னொரு வண்டி மோதும்போது வெளித்தகடு நசுங்கி, கதவுக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் திடீரென்று ஏறுகிறது. அந்த ஏற்றத்தைப் பார்த்துத்தான் ஏர்பேக் விரிய வேண்டுமா என்று முடிவாகிறது. கம்பெனி வைத்த ஓட்டைகள், கம்பெனி வைத்த ஸ்பீக்கர், கம்பெனி ஒட்டிய பிளாஸ்டிக் படலம் எல்லாம் அப்படியே இருக்கும் என்ற கணக்கில்தான் அந்த சென்சாரை அமைத்திருப்பார்கள். நீங்கள் ஓட்டையை அடைத்தாலும் கணக்கு மாறும், புது ஓட்டை போட்டாலும் மாறும். உங்கள் காரின் கையேட்டில் ஏர்பேக் பகுதியை எடுத்துப் படியுங்கள். உள்பலகையையோ ஸ்பீக்கரையோ கழற்றிய நிலையில் ஓட்டாதீர்கள், முன்கதவில் மாற்றம் செய்யாதீர்கள், துளையிடாதீர்கள் என்கிற மாதிரி எச்சரிக்கை இருந்தால், உங்கள் கார் அந்த வகை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் முன்கதவில் நான் சொன்ன தகட்டு வேலை எதுவும் வேண்டாம். ஸ்பீக்கரையும் மாற்ற வேண்டாம். பேட்டரி இணைப்பை எடுத்து, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, பலகையின் கிளிப் அதிர்வை மட்டும் சரிசெய்துவிட்டு அப்படியே திரும்ப மூடுங்கள். 'பத்து வருஷமா ஒட்டறோம் சார், ஒண்ணும் ஆகலை' என்பார்கள். அந்தப் பத்து வருஷத்தில் அவர் ஒட்டிய கதவுகளில் எத்தனை பக்கவாட்டு மோதலைச் சந்தித்தன என்று கேளுங்கள். இந்த எச்சரிக்கையைக் கதவிலேயே ஒரு ஸ்டிக்கராக ஒட்டாமல் கையேட்டின் நடுவில் புதைத்துவைக்கும் கார் கம்பெனிகளையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ரோடு சத்தம் பற்றிய வாக்குறுதிக்கு வருவோம். டேம்பிங் ஷீட் தகட்டின் அதிர்வைக் குறைக்கும், காற்றில் வரும் சத்தத்தைத் தடுக்காது. தடுப்பதற்குக் கனம் வேண்டும். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ள வினைல் விரிப்பு, அதற்கு அடியில் தண்ணீர் உறிஞ்சாத ஃபோம், நடுவில் இடைவெளியே இல்லாமல். 5 சதுர மீட்டர் விரித்தால் 25 கிலோ. சீட், கார்ப்பெட் எல்லாம் வெளியே வர வேண்டிய வேலை. இவ்வளவு செய்தும் தேய்ந்துபோன டயரின் ஓலம் ஓரளவுதான் குறையும். டயர் மாற்றும் காலம் வந்திருந்தால் அந்தக் காசை முதலில் அங்கே போடுங்கள். கூரைக்கு ஷீட்? வேண்டாம்.

ஷீட் வாங்கும்போது இன்னொரு மோசடி. பியூட்டைல் என்று சொல்லித் தார் கலந்த ஷீட்டைத் தலையில் கட்டுவார்கள். கூரை ஒழுக்கு அடைக்கிற டேப்பும் இதுவும் ஒரே ஜாதி. வெயிலில் நின்ற காருக்குள் அது இளகி வழியும், நாறும், கடைசியில் கதவுக்குள் கழன்று விழுந்து கண்ணாடியை மாட்டிக்கொள்ளும். ஒரு துண்டு வாங்கி மதிய வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டில் ஒரு தட்டின் மேல் வையுங்கள். சாயங்காலம் மூக்கே சொல்லிவிடும்.

'1,200 வாட்ஸ்' என்பது விளம்பர எண். நீங்கள் கேட்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட்ஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தி. ஆம்ப் சக்தியை 14.4 வோல்ட், 4 ஓம், 1 சதவீதத்துக்கு மிகாத ஒலிச் சிதைவு என்ற நிலையில் அளக்க வேண்டும் என்று சி.டி.ஏ.-2006 என்ற தரநிலையே இருக்கிறது. ஆனால் அதைப் பின்பற்றுவது கம்பெனிகளின் இஷ்டம். அதனால்தான் பெட்டியில் யார் வேண்டுமானாலும் எந்த எண் வேண்டுமானாலும் அச்சிடுகிறார்கள், தட்டிக்கேட்க ஆளில்லை. நீங்களே பிடிக்க ஒரு வழி உண்டு. ஆம்பின் உடம்பில் செருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் ஃபியூஸ் என்றால், 14.4 வோல்ட்டால் பெருக்கினால் உள்ளே போவதே 432 வாட்ஸ். அதில் ஐந்தில் ஒரு பங்கு சூடாக வீணாகும் என்று வைத்தால், தொடர்ந்து வெளியே வருவது சுமார் 345. உள்ளே போகாதது எப்படி வெளியே வரும்?

உங்கள் ஹேட்ச்பேக்குக்கு 250 வாட்ஸ் ஆர்.எம்.எஸ்., 10 அங்குலம், சுமார் 20 லிட்டர் கொள்ளளவுள்ள மூடிய பெட்டி தாராளமாகப் போதும். காரின் சின்ன அறையே மிகத் தாழ்ந்த ஓசைகளைத் தூக்கிக்கொடுக்கும். ஹேட்ச்பேக்கில் டிக்கிக்கும் உங்களுக்கும் நடுவில் சுவர் இல்லை என்பதால் அது முழுசாக வந்து சேரும். துளை வைத்த பெட்டி அதே வாட்ஸுக்கு அதிகம் முழங்கும்தான், ஆனால் பெரிய இடம் பிடிக்கும், கணக்குத் தப்பினால் ஒரே சுரத்தில் மொத்திக்கொண்டிருக்கும். டிக்கியை விட்டுத்தர மனசில்லை என்றால், சீட்டுக்கு அடியில் வைக்கும் தட்டையான 8 அங்குல வகை இருக்கிறது. பூமி அதிராது, பாட்டு நன்றாக இருக்கும்.

மின்சாரத்தைச் சேமித்துவைத்து ஆம்புக்குக் கொடுக்கும் கபாசிட்டர் வேண்டாம். 1 ஃபாரட் கபாசிட்டர் 14 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்கும்போது தருவது 26 ஜூல். 300 வாட்ஸ் இழுக்கும் ஆம்புக்கு அது பத்தில் ஒரு நொடிக்குக்கூட வராது. அப்புறம் அதைத் திரும்ப நிரப்புவதும் அதே ஆல்டர்னேட்டர்தான்.

காசைச் சேமிக்கக் கூடாத இடம் பவர் வயர். கிட் என்று விற்பதில் பலவும் செம்பு பூசிய அலுமினியம். செம்பில் பாயும் மின்சாரம் அதே தடிமனில் மூன்றில் இரண்டு பங்குதான் இதில் பாயும். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெள்ளீயம் பூசிய செம்பு வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு, அது நல்லது. உங்கள் 250 வாட்ஸ் ஆம்புக்கு 8 கேஜ், அதாவது 8 சதுர மில்லிமீட்டருக்குச் சற்று மேல், முழுச் செம்பு வயர் போதும். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஒரு ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். ஆம்பிலேயே ஃபியூஸ் இருக்கிறதே என்பார்கள். அது ஆம்பைக் காப்பாற்றும். எஞ்சின் அறையிலிருந்து டிக்கிவரை ஓடும் வயர் நடுவில் எங்காவது தகட்டில் உராய்ந்து ஷார்ட் ஆனால், பேட்டரி பக்கத்து ஃபியூஸ்தான் கார் எரியாமல் காக்கும். எர்த் வயரைக் குட்டையாக வைத்து, பெயிண்டைச் சுரண்டி வெறும் தகட்டில் முறுக்குங்கள். சீட் பெல்ட் போல்ட்டில் மாட்ட விடாதீர்கள்.

கம்பெனி ஸ்டீரியோவை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஸ்பீக்கர் வயரிலிருந்து நேரடியாக சிக்னல் எடுக்கும் வசதியுள்ள ஆம்பாக வாங்குங்கள். ஆனால் பல ஸ்டீரியோக்கள் சத்தம் ஏற ஏற பேஸைத் தாமே வெட்டிவிடும். அப்படிச் செய்தால் அதைச் சரிசெய்யும் பிராசஸர் ஒன்று தனியாக வேண்டும். எதுவானாலும் கார் வயரை வெட்டாமல், பிளக் வைத்த ஹார்னஸ் அடாப்டரில் இணைக்கச் சொல்லுங்கள். வாரண்டி போய்விடும் என்று சர்வீஸ் சென்டரில் மிரட்டினால், எந்த வேலைக்கு எந்தப் பாகத்தின் வாரண்டி போகும் என்று எழுதிக் கேளுங்கள். வாயால் சொல்கிறவர்கள் பேப்பரில் எழுத மாட்டார்கள், அதே வேலையைத் தங்கள் அக்சஸரிஸ் கவுண்டரில் மூன்று பங்கு விலைக்குச் செய்யும்போது மட்டும் வாரண்டி எங்கேயும் போகாது.

கடைசியாக டியூனிங். ஆம்பில் உள்ள கெயின் திருகாணி வால்யூம் இல்லை, உள்ளே வரும் சிக்னலின் அளவுக்கு ஆம்பைப் பொருத்துவது. பேஸ் பூஸ்ட்டைப் பூஜ்யத்தில் வைத்து, சப்வூஃபரைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோ முக்கால் சத்தத்தில் 50 ஹெர்ட்ஸ் டோன் ஓட, ஆம்பின் வெளியீட்டில் 250 வாட்ஸ், 4 ஓமுக்கு 31 வோல்ட்டைச் சற்றுத் தாண்டும் இடத்தில் திருகாணியை நிறுத்த வேண்டும். இதை மல்டிமீட்டரில் காட்டத் தெரியாதவர் காதை வைத்துத் திருகுவார், சப்வூஃபரின் கம்பிச்சுருள் (காயில்) கருகுவது அப்படித்தான். சப்வூஃபருக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் போகும்படி கிராஸ்ஓவரை வையுங்கள். ஸ்டீரியோவிலோ ஆம்பிலோ வசதியிருந்தால் கதவு ஸ்பீக்கருக்கு 80-க்கு மேலே மட்டும் கொடுங்கள், கதவு அதிர்வு அதிலேயே பாதி குறையும். பிறகு ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து சப்வூஃபர் அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தானை 0, 180 என்று மாற்றிக் கேளுங்கள். எதில் பேஸ் கனமாக, முன்னாலிருந்து வருவது போல இருக்கிறதோ அதில் விட்டுவிடுங்கள்.