நாய் இருக்கட்டும், 'நாயே' வேண்டாம்: தமிழ் அரட்டைக்கு வசவு வடிகட்டி

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் ஒரு தமிழ் சர்வர் (குழு) நடத்துகிறோம். ஒரு சேனலில் கேம், இன்னொன்றில் இலக்கியம். வசவு அதிகமானதால், இணையத்தில் கிடைத்த கெட்ட வார்த்தைப் பட்டியலை அப்படியே டிஸ்கார்டின் தானியங்கி வடிகட்டியான ஆட்டோமாடில் ஏற்றினோம். இப்போது குறள் போட்டால் தடுக்கிறது. திட்டுகிறவர்களோ தாராளமாகத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். எங்கே தப்பு?

பதில்: எந்தக் குறள் என்று நீங்கள் எழுதவில்லை. 969 ஆக இருக்கலாம்: 'மயிர்நீப்பின் வாழாக் கவரிமா அன்னார்'. பட்டியல் போட்டவருக்கு அந்த முதல் சொல் வசவு. வள்ளுவருக்கு அது வெறும் முடி. மயிர்க்கூச்செறிகிற வாசகரும் உங்கள் சர்வரில் தப்பமாட்டார்.

இது பழைய வியாதி. 1996இல் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் வடிகட்டி, இங்கிலாந்தின் ஸ்கந்தார்ப் ஊர்க்காரர்களைக் கணக்குத் தொடங்கவிடாமல் தடுத்தது. ஊர்ப்பெயருக்குள் நான்கெழுத்து ஆங்கில வசவு ஒன்று ஒளிந்திருந்ததுதான் காரணம். அன்றிலிருந்து இந்தக் கோளாறுக்கு அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. தமிழில் இது இன்னும் எளிதாக நடக்கும். பெரும்பொழுது ஆறில் ஒன்றான கூதிர், தாமரையைக் குறிக்கும் புண்டரீகம், சிறுநீரகத்தைக் குறிக்கும் குண்டிக்காய் ஆகிய மூன்றின் முன்பாதியையும் பாருங்கள், புரிந்துவிடும். 'பொறுக்கி' என்பதைத் தடுத்தால், சுள்ளி பொறுக்கி வந்த பாட்டியும் மாட்டிக்கொள்வாள்.

உங்கள் பட்டியலில் சொற்களுக்குப் பின்னால் நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆட்டோமாடில் குறி இல்லாத சொல் முழுச் சொல்லாக வந்தால்தான் சிக்கும். பின்னால் நட்சத்திரம் போட்டால் அதில் தொடங்கும் எல்லாச் சொற்களும், இருபுறமும் போட்டால் அதை உள்ளே கொண்ட எல்லாச் சொற்களும் சிக்கும். தமிழில் விகுதி ஒட்டுமே என்று எல்லாவற்றுக்கும் நட்சத்திரம் போட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு.

திட்டுகிறவர்கள் தப்புவதற்குக் காரணம் வேறு. 'நாய்' என்ற சொல் கணினிக்கு நான்கு குறியீடுகள்: ந, கால், ய, புள்ளி. 'நாயே' என்று விளிக்கும்போது புள்ளி போய் அந்த இடத்தில் ஏகாரக் குறி வந்துவிடும். ஆகவே 'நாய்' என்று பட்டியலில் போட்டு நட்சத்திரமும் வைத்தால், 'என் நாய்க்குத் தடுப்பூசி எங்கே போடலாம்' என்று கேட்பவர் மாட்டுவார், 'போடா நாயே' என்பவர் போய்விடுவார். சரி, புள்ளியை எடுத்துவிட்டு 'நாய' என்று போட்டு நட்சத்திரம் வைத்தால்? நாயகன், நாயக்கர், நாயன்மார் எல்லோரும் தடைப்பட்டியலில்.

வசவு பெரும்பாலும் எட்டாம் வேற்றுமையில், அதாவது விளியில்தான் வரும், ஒருவரைப் பார்த்து எறிவதாயிற்றே. அதனால் இரட்டை அர்த்தம் உள்ள மென்மையான சொற்களுக்குப் பெயர்ச்சொல்லை விட்டுவிடுங்கள், விளியை மட்டும் முழுச் சொல்லாகப் போடுங்கள்: நாயே, நாய்ங்களா, சனியனே, எருமையே. நட்சத்திரம் வேண்டாம். 'நாயே' என்பதற்கு நட்சத்திரம் வைத்தால், திருவாசகத்தில் தன்னை 'நாயேன்' என்று தாழ்த்திக்கொள்ளும் மாணிக்கவாசகரையும் உங்கள் இலக்கியச் சேனல் வெளியேற்றும்.

வேறு பொருளே இல்லாத கடும் வசவுகளுக்கு மட்டும் நட்சத்திரம் வையுங்கள். அவற்றுக்குக் கடைசிப் புள்ளியை நீக்கிய அடிச்சொல்லைப் போட்டால் வேற்றுமை உருபுகள் எல்லாம் சிக்கும். மாட்டிக்கொள்ளும் நல்ல சொற்களை விதிவிலக்குப் பட்டியலில் சேருங்கள். ஒரு விதிக்கு 1000 சொற்கள் வரை போடலாம், ஆனால் விதிவிலக்குக்கு 100 இடங்கள்தான். அது சீக்கிரம் நிரம்பினால் உங்கள் அடிச்சொற்கள் அளவுக்கு மீறிக் குட்டையாக இருக்கின்றன என்று பொருள்.

ஙகர வசவுகள் தனிக் கூட்டம். தமிழில் ங-வில் தொடங்கும் சொற்கள் அரிது என்பதால் 'ங' போட்டு நட்சத்திரம் வைத்துவிடலாம் என்று தோன்றும். ஆத்திசூடியின் 'ஙப்போல் வளை' தடைபடும், 'சரி ங்க' என்று இடம்விட்டு எழுதும் மரியாதைக்காரர்களும் மாட்டுவார்கள். 'ஙொ', 'ங்கொ' என்ற இரண்டுக்கு மட்டும் நட்சத்திரம் போதும்.

ஒகரம் வரும்போது இன்னொரு சிக்கல். 'கொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் (யூனிகோட் எண் 3018), கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் (3014, 3006) உள்ளிடலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். ஒகர, ஓகாரச் சொற்களை இரு வடிவிலும் சேர்த்துவிடுங்கள். 'க'வுக்குப் பதில் தமிழ் எண் ௧, 'எ'வுக்குப் பதில் ௭ என்று போட்டு ஏமாற்றுகிறவர்களும் உண்டு. அந்த அளவுக்கு மெனக்கெடுகிறவரை வடிகட்டி திருத்தாது, மட்டுறுத்துநர்தான் (சர்வரைக் கண்காணிப்பவர்) பேச வேண்டும்.

ஆங்கில எழுத்தில் எழுதும் தமிழ்தான் கேம் சேனலின் தலைவலி. குறில் நெடில் மறையும், தகரத்தை நான்கு விதமாக எழுதுவார்கள், ஒரே எழுத்தை ஐந்து முறை இழுப்பார்கள். இதற்குச் சொற்பட்டியலைவிட, எழுத்துகளின் வடிவத்தைச் சொல்லித் தேடும் ரெகெக்ஸ் நல்லது. விதிக்கு 10, ஒவ்வொன்றும் 260 எழுத்துவரை. எழுத்துக்குப் பின்னால் கூட்டல் குறி போட்டால் எத்தனை முறை இழுத்தாலும் சிக்கும். மாற்று எழுத்துகளைச் சதுர அடைப்புக்குள் வையுங்கள். இரண்டு சொற்களில் மட்டும் எச்சரிக்கை. 'ஒத்த ரூபா'வில் வரும் 'ஒத்த', ஆங்கில எழுத்தில் ஒரு பெரிய வசவாகத் தெரியும். இஸ்லாத்தின் சன்னி பிரிவைக் குறிக்கும் ஐந்து ஆங்கில எழுத்துகள் இன்னொரு தமிழ் வசவுக்கும் அப்படியே பொருந்தும். ஒரு சமயப் பெயரை எந்திரம் ஆபாசமென்று தடுத்தால், வசவைவிடப் பெரிய சண்டை வரும். இவ்விரண்டையும் தடுக்காதீர்கள், மட்டுறுத்துநருக்கு அறிவிப்பு மட்டும் போகட்டும்.

சாதிப் பெயர்களும் அந்த அறிவிப்பு விதியில்தான் வர வேண்டும். ஒரு சமூகம் தன்னைச் சொல்லிக்கொள்ளும் பெயரே இன்னொருவர் வாயில் வசவாகிறது. எது எப்படிச் சொல்லப்பட்டது என்பது வடிகட்டிக்குத் தெரியாது. அடிச்சொல்லைத் தடுத்தால் பறையிசை பற்றிப் பேசவே முடியாது. ஆனால் அறிவிப்பு வந்தால் அன்றே பாருங்கள். பட்டியல் சாதியினரைப் பொதுப் பார்வையில் சாதிப்பெயர் சொல்லித் திட்டுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)-இன் கீழ் குற்றம்.

சர்வரில் ஈழத்தவர் இருக்கிறார்களா? யாழ்ப்பாணத்தில் 'பெட்டை' என்றால் சாதாரணமாக ஒரு பெண்பிள்ளை. தமிழ்நாட்டுப் பட்டியலில் அது வசவு. பட்டியலை ஏற்றும் முன் அவர்களில் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

எல்லாவற்றையும் மூன்று விதிகளாகப் பிரியுங்கள் (ஒரு சர்வருக்குச் சொல் விதிகள் 6 வரை வைக்கலாம்). கடும் வசவுக்குத் தடை, வேண்டுமானால் ஐந்து நிமிட டைம்-அவுட் (பேச்சுத் தடை). விளி வசவுக்குத் தடை மட்டும். இரட்டை அர்த்தத்துக்கு அறிவிப்பு மட்டும். முதல் வாரம் மூன்றையும் அறிவிப்பிலேயே ஓடவிட்டு, வந்து விழுகிறவற்றை ஒரு தனிச் சேனலில் பாருங்கள். தடை விதியில் அனுப்புகிறவருக்கு 150 எழுத்துக்குள் ஒரு செய்தி வைக்கலாம். எந்தச் சொல் தடுக்கப்பட்டது என்று அதில் எழுதாதீர்கள், சுற்றுவழி கண்டுபிடிக்க அதுவே உதவும்.

பைத்தானில் சொந்தமாக பாட் (தானியங்கி நிரல்) எழுதுவதாக இருந்தால் ஒரு பொறி. அதன் இயல்பான ரெகெக்ஸில், சொல் எங்கே தொடங்கி முடிகிறது என்று காட்டும் சொல்லெல்லைக் குறி, உயிர்க்குறியையும் புள்ளியையும் எழுத்தாகவே எண்ணாது. 'பட்டு' என்ற சொல்லில் 'பட' தனிச் சொல்லாகப் பொருந்திவிடும். ஜாவாஸ்கிரிப்டில் அதே குறி தமிழைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. சொல்லெல்லைக் குறியை விட்டுவிட்டு, முன்னும் பின்னும் 2944 முதல் 3071 வரையிலான தமிழ்க் குறியீடு இல்லை என்று நீங்களே நிபந்தனை எழுதுங்கள். ஒப்பிடும் முன் செய்தியை என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவுக்கு மாற்றினால் மேலே சொன்ன ஒகரச் சிக்கலும் தீரும். 8203, 8204, 8205 ஆகிய கண்ணுக்குத் தெரியாத குறியீடுகளையும் நீக்குங்கள்.

வசவுக்குப் பதில் நல்ல சொல்லை வைக்கும் ஆசை வேண்டாம். யாஹூ மெயில் ஒரு காலத்தில் பாதுகாப்புக்காக 'ஈவல்' (eval) என்ற நான்கு ஆங்கில எழுத்தை 'ரிவ்யூ' என்று மாற்றியது. அதனால் இடைக்காலத்தைக் குறிக்கும் 'மீடியீவல்' (medieval) என்ற ஆங்கிலச் சொல் 'மெடிரிவ்யூ' ஆகி, 2002இல் ஊர் சிரித்தது. வசவை நட்சத்திரக் குறி போட்டு மறைப்பதாக இருந்தாலும் குறியீட்டை எண்ணாமல் எழுத்தை எண்ணுங்கள். 'மயிர்' மூன்றெழுத்து, ஆனால் ஐந்து குறியீடு. நடுவில் மட்டும் மறைத்தால் கடைசிப் புள்ளி அந்தரத்தில் புள்ளிவட்டமாகத் தொங்கும்.

கடைசியாக, சோதிக்கும்போது உங்கள் கணக்கில் சோதிக்காதீர்கள். நிர்வாகி அனுமதியோ சர்வரை நிர்வகிக்கும் அனுமதியோ உள்ளவரை ஆட்டோமாட் எப்போதும் விட்டுவிடும். அனுமதி எதுவும் இல்லாத இன்னொரு கணக்கில் நுழைந்து, குறள் 969ஐயும் 'போடா நாயே'வையும் அடுத்தடுத்து அனுப்பிப் பாருங்கள்.