இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வயிற்றுப் பொருமல்: ஆயுர்வேதத்தில் வழி உண்டா?

இரவு பத்து மணிக்குக் கொத்து ரொட்டி, விடிந்தால் வயிற்றுப் பொருமல், ஆயுர்வேதம் உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் சாப்பிடும் நேரத்தை மாற்றுங்கள். செரிக்கும் ஆற்றலான அக்னி நண்பகலில்தான் உச்சத்தில் இருக்கும் என்கிறது ஆயுர்வேதம். பெரிய சாப்பாடு அப்போது. இரவில் இடியப்பமும் சொதியும் போதும்.

உணவுக்கு முன் மெல்லிய இஞ்சித் துண்டை இந்துப்புத் தொட்டு மெல்லுங்கள்; உமிழ்நீர் ஊறும். நெஞ்செரிச்சல்காரருக்கு இது ஆகாது.

மலச்சிக்கலும் இருந்தால், கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் சேர்ந்த திரிபலா சூரணம், படுக்கும் முன் அரைத் தேக்கரண்டி வெந்நீரில். துவர்ப்பு நாக்கை இழுக்கும்! கர்ப்பிணிகள் தவிர்க்கட்டும். கொழும்பு புறக்கோட்டைக் கடைகளில் தூளாக வாங்காமல் காயாக வாங்கி இடிப்பதே என் கட்சி. தூளில் எது கலந்ததென்று யார் கண்டது?

தொடர்ந்தால் பொரளை ஆயுர்வேத வைத்தியசாலையில் காட்டலாம். மலத்தில் இரத்தமோ காரணமில்லாத மெலிவோ தெரிந்தால் கைமருந்தை நிறுத்திவிட்டு, ஆங்கில மருத்துவரிடம் உடனே போங்கள்.