அவர் மிதித்த இடம்

அன்புள்ள ஐயா,

என் அப்பா சென்ற மாதம் காலமானார். ராணுவத்தின் பொறியாளர் பிரிவான மதராஸ் சாப்பர்ஸில் 15 ஆண்டுகள் பணியாற்றி, நாயக் பதவியில் ஓய்வு பெற்று, குடியாத்தத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்து எங்கள் மூவரையும் படிக்க வைத்தவர். 1971 போரில் இருந்தேன் என்பதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை. டிரங்குப் பெட்டியில் சங்ராம் பதக்கமும் பஸ்சிமி ஸ்டார் பதக்கமும் கிடைத்தன. நினைவு மலரில், எல்லையில் எதிரிகளை வீழ்த்தினார் என்று எழுதும்படி உறவினர்கள் சொல்கிறார்கள். சிறுவயதில் பழகாத பாதையில் போனால் எங்களைத் தன் பின்னால் வரவிட்டு, தான் மிதித்த இடத்திலேயே மிதிக்கச் சொல்வார். இதைத் தவிர எழுத என்னிடம் ஒன்றுமில்லை. எப்படி எழுதுவது?

ச., குடியாத்தம்

அன்புள்ள ச.,

உங்கள் தந்தைக்கு என் அஞ்சலி. எழுத ஒன்றுமில்லை என்கிறீர்கள். அதற்கு முந்தைய வரியில் அவரை எழுதிவிட்டீர்கள்.

படை முன்னேறும்போது அதற்கு வழி செய்து கொடுப்பவர்கள் சாப்பர்கள். பாலம் கட்டுவதும் பாதை போடுவதும் கண்ணிவெடிகளை எடுப்பதும் அவர்கள் வேலை. 1971 டிசம்பரில் பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில் நம் டாங்கிகள் பசந்தர் ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தபோது, இரவில், குண்டுவீச்சுக்கு நடுவே கண்ணிவெடிகளை அகற்றி வழி திறந்தவர்கள் மதராஸ் சாப்பர்ஸின் 9ஆவது பொறியாளர் ரெஜிமெண்டினர். கண்ணிவெடி நிலத்தில் பின்னால் வருகிறவன், முன்னால் போனவன் மிதித்த இடத்தில்தான் மிதிக்க வேண்டும். உங்கள் அப்பா எந்தப் பிரிவில் இருந்தார் என்பதை அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பாருங்கள். அது தொலைந்திருந்தால் பெங்களூரில் உள்ள சாப்பர்ஸ் ஆவண அலுவலகத்துக்கு அவருடைய படை எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். அந்த எண் சங்ராம் பதக்கத்தின் விளிம்பில் பொறித்திருக்கும். பஸ்சிமி ஸ்டார், அவர் மேற்கு முனையில் பணியாற்றினார் என்பதற்குச் சான்று. அதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை; நீங்களும் சொல்ல வேண்டாம். அவர் வாழ்நாள் முழுதும் சொல்லாமல் காத்த ஒன்றை, அவர் போன மறுமாதமே நாம் கற்பனையால் நிரப்புவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இந்த மௌனம் உங்கள் வீட்டில் மட்டும் இருந்ததன்று. இங்கிலாந்தின் ஹாரி பேட்ச், முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் போரிட்டவர்களில் கடைசியாக உயிரோடிருந்தவர்; தொழிலால் குழாய்ப் பணியாளர். 1917 செப்டம்பர் 22 அன்று பெல்ஜியத்தின் பாஷண்டேல் களத்தில் வெடித்த ஒரு குண்டு அவருடைய நண்பர்கள் மூவரைக் கொன்றது, அவரும் காயமடைந்தார். ஊர் திரும்பி, குழாய் வேலை பார்த்து, இரண்டு மகன்களை வளர்த்தவர், 100 வயது வரை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உடன் வாழ்ந்த மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. முதுமையில் அவர் தங்கிய இல்லத்தில், அவர் அறைக்கு எதிரே துணிமணி வைக்கும் சிறு அறை ஒன்று இருந்தது. இரவில் யாராவது அதன் விளக்கைப் போட்டால், அரைத்தூக்கத்தில் அந்த வெளிச்சம் அவருக்குக் குண்டு வெடிப்பதுபோலவே தெரியும். 2009இல் 111 வயதில் அவர் இறந்தபோது, அவர் விரும்பியபடியே, இறுதி ஊர்வலத்தில் வந்த வீரர்கள் சடங்குக்காகக்கூட ஆயுதம் ஏந்தவில்லை.

என்னைக் கேட்டால், மலரின் பெரும்பகுதி காயில் கடையைப் பற்றி இருக்க வேண்டும். எரிந்துபோன சுருளை வெட்டியெடுத்து, சுற்றுகளை எண்ணி, புதிய செம்புக் கம்பியைச் சுற்றி, வார்னிஷ் பூசிக் காயவைத்த அந்த உழைப்பில்தான் நீங்கள் மூவரும் படித்தீர்கள். பம்புசெட் மோட்டார் எரிந்து, பயிர் வாடுகிறதே என்று அவரிடம் ஓடிவந்த விவசாயிகள் இன்னும் அங்கேதான் இருப்பார்கள், போய்க் கேளுங்கள். விடுமுறை முடிந்து காட்பாடியில் ரயில் ஏறும்வரை அவர் என்ன பேசுவார் என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். நாள் கடத்தாமல் இந்த வாரமே கேளுங்கள்.

பழகாத பாதையில் அவர் பின்னால் நடந்த அந்த நினைவை முதல் பக்கத்தில் வையுங்கள். அதற்கு விளக்கம் எதுவும் எழுத வேண்டாம்.